கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள்

1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் நூறு மைல் தொலைவுக்குக் குதிரைகள் ஓடும் நெடுவழிப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. இத்தகைய பந்தயங்களில் குதிரைகள் அரங்கைச் சுற்றி வருவதில்லை. காட்டுப் பாதைகளையும் மலைச்சரிவுகளையும் பகலிலும் இரவிலும் கடந்து செல்கின்றன. வழியில் ஆங்காங்கே சோதனைச் சாவடிகள் இருக்கும். அங்கே கால்நடை மருத்துவர் குதிரையின் நாடித்துடிப்பைப் பார்த்து, அது மேலும் ஓடத் தக்கதா என்று முடிவு செய்வார். நான்காம் சாவடியைக் கடந்த ஒரு குதிரை ஐந்தாம் சாவடிக்கு வந்து சேரவில்லையெனில், அது வழிதவறியிருக்கலாம். கால் இடறி விழுந்திருக்கலாம். அதன் மேல் இருந்தவர் எங்கோ ஒரு பள்ளத்தில் உதவிக்காகக் காத்திருக்கலாம். அலைபேசி மக்களிடம் வந்து சேராத காலம் அது. காட்டுக்குள் தொலைபேசிக் கம்பிகளும் இல்லை.

இத்தகைய இடங்களில் ஹாம் வானொலியினரே கைகொடுத்தனர். சாவடிக்கு ஒருவராக அமர்ந்து, கடந்து செல்லும் குதிரைகளின் எண்களை ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருப்பர். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. இரைச்சலில் ஓர் எண் இன்னோர் எண்ணாகக் காதில் விழும். நள்ளிரவு கடந்த பிறகு, எழுதுபவருக்கும் சொல்பவருக்கும் கண்கள் செருகும். அந்தப் பந்தயத்திற்காகப் பாப் புருனிங்கா என்னும் பொறியாளர், விக்-20 என்ற சிறு கணினியில் ஒரு செயல்நிரலை எழுதினார். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகக் கொண்டு இயங்கும் அந்தக் கணினியின் நினைவகம் வெறும் ஐந்து கிலோபைட். இன்று ஓர் அலைபேசியில் எடுக்கும் ஒளிப்படத்திற்கு அதைப்போல் பல நூறு மடங்கு இடம் வேண்டும். அந்தச் சிறிய கருவி, குதிரைகள் எங்கே இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வானொலி வழியே அறிவிக்கும் பணியைச் செய்தது.

புருனிங்காவின் முதல் முயற்சி இதற்கும் இரண்டாண்டுகள் முந்தையது. கடற்படையினரின் இருப்பிடச் செய்திகளை வரைபடத்தில் குறிக்க, 1982இல் ஆப்பிள்-2 கணினியில் ஒரு செயல்நிரல் எழுதியிருந்தார். பின்னாளில் மேரிலாந்து மாநிலத்தின் அனாபொலிஸ் நகரிலுள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் ஆய்வுப் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே இம்முறையை அவர் வளர்த்தெடுத்தார். தொடக்கத்தில் அது ‘தானியங்கி இருப்பிட அறிவிப்பு முறை’ எனப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ‘ஏபிஆர்எஸ்’ என்று ஹாம்கள் அழைத்தனர். புருனிங்காவின் அழைப்புக்குறி ‘டபிள்யூபி4ஏபிஆர்’. முறையின் பெயருக்குள் அவருடைய அழைப்புக்குறியின் கடைசி மூன்று எழுத்துகளும் அடங்கியிருப்பதைக் கவனிக்கலாம்.

ஒரு நொடிப் பேச்சு

ஹாம் வானொலி என்பது வணிக ஒலிபரப்பு அன்று. தேர்வெழுதி உரிமம் பெற்ற தனிமனிதர்கள், தங்கள் வீட்டிலிருந்தோ வண்டியிலிருந்தோ, ஊதியம் எதுவும் பெறாமல் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ளும் கலை அது. இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் இவ்வுரிமத்திற்கான தேர்வை எழுதலாம். உரிமம் பெற்றவருக்கு உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி கிடைக்கிறது. அதைச் சொல்லாமல் அவர் அலையில் பேசக் கூடாது. மறைமொழியில் பேசவும் கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதே இவ்வுலகின் அடிப்படை விதி. இந்த விதியின் விளைவுகள் பின்னர் வரும்.

ஏபிஆர்எஸ் முறையில் வாய்ப்பேச்சுக்கு வேலை இல்லை. வண்டியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி அகலாங்கையும் நெட்டாங்கையும் கண்டறிகிறது. சிறிய மோடம் ஒன்று அந்த எண்களை 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்னும் இரண்டு தொனிகளாக மாற்றுகிறது. காதுக்கு அது எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒலிக்கும். நொடிக்கு 1200 துகள்கள் என்ற வேகத்தில் செல்லும் அந்த ஓசை, ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் அழைப்புக்குறி, இருப்பிடம், அது மகிழுந்தா படகா நடந்து செல்லும் மனிதனா என்று காட்டும் ஒரு குறியீடு, சில சொற்களிலான குறிப்பு ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன. இந்தக் கட்டினைத் தரவுப் பொட்டலம் என்பர். கடைக்காரர் சுருட்டிக் கட்டித் தரும் பொட்டலத்தைப் போல, பெறுபவர் பிரித்துப் பார்க்கும் வரை உள்ளே இருப்பது குலையாமல் இருக்கும். குலைந்திருந்தால், பொட்டலத்தின் இறுதியில் உள்ள சரிபார்ப்பு எண் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அத்தகைய பொட்டலத்தைப் பெறும் கருவி தள்ளிவிடும். ஆகவே, சொன்னது தவறாகக் காதில் விழும் என்ற பழைய இடர் இங்கு ஏறத்தாழ இல்லை. இருப்பிடம் ஏறக்குறைய பதினெட்டு மீட்டர் துல்லியத்தில் சொல்லப்படுகிறது. ஒரு மனிதரைத் தேடிப் போவதற்கு அது போதும்.

ஆனால், இம்முறையில் வேறொரு குறை இருக்கிறது. குறை என்பதைவிட இயல்பு என்பதே பொருந்தும். இருப்பிடத்தை அறிவிக்கும் பொட்டலத்திற்கு எவரும் பதில் அனுப்புவதில்லை. அனுப்பியவர் தம் குரலை யாரேனும் கேட்டார்களா என்பதை அறிய மாட்டார். கேட்டாலும் கேட்காவிட்டாலும், சில நிமிடங்கள் கழித்து அவருடைய கருவி மீண்டும் ஒருமுறை கூறும். ஒவ்வொரு பொட்டலத்திற்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று விடை கேட்டு நின்றால், ஒரே அதிர்வெண்ணைப் பகிரும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் விடைகளிலேயே மூழ்கிவிடும். அதனால் புருனிங்கா தெரிந்தே எடுத்த முடிவு இது.

வட அமெரிக்காவில் எல்லோரும் 144.390 மெகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அதிர்வெண்ணில் பேசுகின்றனர், ஐரோப்பாவில் 144.800. இவ்வலைகள் நேர்க்கோட்டில் செல்லும் தன்மையுடையவை. ஒரு குன்று குறுக்கே நின்றால் அப்பால் இருப்பவருக்குச் செய்தி எட்டாது. எனவே உயர்ந்த இடங்களில் ‘டிஜிபீட்டர்’ எனப்படும் மறுஒலிபரப்பு நிலையங்களை ஹாம்கள் அமைத்தனர். அவை ஒரு பொட்டலத்தைக் கேட்டவுடன் அதை மீண்டும் உரக்கச் சொல்கின்றன. ஒன்று சொன்னதை இன்னொன்று, அது சொன்னதை மற்றொன்று எனத் தொடர்ந்தால் என்ன ஆகும்? ஊர் முழுவதும் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்து, புதிய செய்திக்கு இடமில்லாமல் போகும். அதற்காகப் பொட்டலத்தின் மேல் ஓர் எண் எழுதப்படுகிறது. இரண்டு என்று எழுதியிருந்தால், முதல் டிஜிபீட்டர் அதை ஒன்றாகக் குறைக்கும், அடுத்தது சுழியமாக்கும், அதற்கு மேல் அப்பொட்டலத்தை எவரும் தூக்கிச் செல்ல மாட்டார்கள். இந்த எண்ணைப் பெரிதாக எழுதிக்கொள்ள எவருக்கும் தடையில்லை. எழுதிக்கொண்டால் அண்டை ஊரார் அனைவரின் நேரத்தையும் பறித்துக்கொண்டதாகும். ஒரு குழாயடியில் வரிசை காக்கப்படுவது எந்த எழுத்துச் சட்டத்தாலும் இல்லை என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த ஒழுங்கு எதனால் நிற்கிறது என்பது விளங்கும்.

வாயில் காப்போர்

1990களின் பிற்பகுதியில் இணையம் வீடுகளுக்குள் வந்தது. ஒரு பள்ளத்தாக்கில் கேட்கும் பொட்டலத்தை அப்பள்ளத்தாக்கோடு நிறுத்தாமல் உலகெங்கும் கொண்டுசெல்லலாமே என்ற எண்ணம் ஹாம்களிடையே பிறந்தது. வானொலிக்கும் இணையத்திற்கும் நடுவே நிற்கும் வாயில் நிலையங்கள் இவ்வாறு தோன்றின. இவற்றை ‘ஐகேட்’ என்பர்.

ஒரு ஐகேட்டில் வியப்பூட்டும் பொருள் எதுவும் இல்லை. கூரையின் மேல் ஒரு மீட்டர் அளவு உயரமுள்ள அலைவாங்கி; அதிலிருந்து இறங்கும் கம்பி; ஒரு வானொலிப் பெட்டி; உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினி; இணைய இணைப்பு. அவ்வளவே. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள், கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கெனத் தயாரிக்கப்பட்ட மலிவான சிறு செருகியைக் கொண்டே அலைகளைக் கேட்கின்றனர். அந்தச் செருகியைத் தயாரித்தவர்கள் இப்படியொரு பயனை எண்ணியிருக்கவே மாட்டார்கள். வேண்டிய மென்பொருள்கள் பலவும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பொட்டலம் ஒன்று காதில் விழுந்ததும் ஐகேட் அதன் வழித்தடத்தின் இறுதியில் தன் அழைப்புக்குறியைச் சேர்த்து, இணையத்திலுள்ள வழங்கிக்கு அனுப்புகிறது. ‘இதைக் கேட்டவர் இன்னார்’ என்னும் சான்றொப்பம் அது. வழங்கிகள் தமக்குள் அப்பொட்டலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பின்லாந்து நாட்டு ஹாம் ஒருவர் நடத்தும் இணைய வரைபடத்தில், அடுத்த சில நொடிகளில் ஒரு புள்ளி நகர்கிறது. கொலராடோ மலைப்பாதையில் செல்லும் வண்டியை ஹெல்சிங்கியில் அமர்ந்து பார்க்கலாம்.

நகரங்களில் ஒரே பொட்டலத்தைப் பத்து ஐகேட்கள் கேட்கக்கூடும். பத்தும் அனுப்பும். வழங்கி முதலில் வந்ததை ஏற்று, அடுத்த அரை நிமிடத்திற்குள் வரும் மற்ற ஒன்பதையும் தள்ளிவிடும். எந்த வீட்டின் இணையம் சற்று விரைவானதோ அந்த வீட்டின் பெயரே வரைபடத்தில் நிற்கும். மற்ற ஒன்பது வீட்டாரும் கேட்டது கேட்டதுதான். ஆனால், அதற்குப் பதிவு இல்லை. நகரத்து ஐகேட் ஒன்று பழுதானால் ஒருவரும் கவனிப்பதில்லை. மலையடிவாரத்திலோ பாலைவன நெடுஞ்சாலை ஓரத்திலோ தனித்து நிற்கும் ஐகேட்டின் நிலை வேறு. அதன் கம்பியை எலி கடித்தாலோ, அலைவாங்கியின் இணைப்பில் மழைநீர் புகுந்தாலோ, வரைபடத்தில் ஐம்பது கிலோமீட்டர்ப் பரப்பு இருண்டுவிடும். அந்தப் பரப்பிற்குள் நுழையும் வண்டியின் புள்ளி, நுழைந்த இடத்திலேயே நின்றுபோகும். தொலைவிலிருந்து பார்க்கும் மனைவிக்கோ மகனுக்கோ வண்டி நின்றுவிட்டதா, கேட்பவர் இல்லாமல் போனாரா என்பது தெரியாது. இரண்டும் வரைபடத்தில் ஒன்று போலவே தோன்றும். இந்த வேறுபாட்டை உணர்ந்தவரே நல்ல வாயில் காப்போராக இருக்க முடியும். நன்றியும் புகழும் இல்லாத வேலை என்பதால், இதில் நிலைத்திருப்பவர்கள் இயல்பாகவே பொறுமைசாலிகள்.

இருப்பிடம் மட்டுமன்றி வானிலையும் இவ்வழியே செல்கிறது. வீட்டுத் தோட்டத்தில் மழைமானியும் காற்றுமானியும் வைத்திருக்கும் ஹாம்கள், தங்கள் அளவீடுகளைப் பொட்டலங்களாக அனுப்பத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்த குடிமக்கள் வானிலை நோக்குநர் திட்டத்தின் வழியாக, அந்த அளவீடுகள் அமெரிக்க அரசின் பெருங்கடல், வளிமண்டல நிருவாக அமைப்பைச் சென்றடைகின்றன. வானிலைக் கணிப்பாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். இன்று ஹாம் உரிமம் இல்லாதவர்களும் இணையம் வழியே அத்திட்டத்தில் பங்கேற்கின்றனர்.

ஆக்கியவரின் மனக்குறை

தாம் ஆக்கிய முறை உலகெங்கும் பரவியதைக் கண்டு புருனிங்கா மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ந்தார், ஆனால், அதைவிட மிகுதியாக முறையிட்டார். ஏபிஆர்எஸ் என்பது வண்டிகளைப் பின்தொடரும் கருவி அன்று என்பதை அவர் ஆண்டுக்கணக்கில் எழுதியும் பேசியும் வந்தார். ஓரிடத்தில் கூடியிருப்பவர்கள் அப்போது அங்கே என்ன நிகழ்கிறது என்பதை ஒருவருக்கொருவர் உடனுக்குடன் தெரிவித்துக்கொள்ளும் இருவழித் தொடர்பே அவர் நோக்கம். பெயரில் இருந்த ‘இருப்பிடம்’ என்னும் சொல்லையே எடுத்துவிட்டு, ‘தானியங்கிப் பொட்டல அறிவிப்பு முறை’ என்று பின்னர் மாற்றியதும் இதை ஒட்டியே. நான்கெழுத்துச் சுருக்கம் மாறாமல் இருக்க ஆங்கிலம் உதவியது. சொல் மாறியது, மக்களின் பழக்கம் மாறவில்லை.

அவருடைய குறை நியாயமானதே. ஐகேட்களில் பெரும்பாலானவை கேட்க மட்டுமே செய்பவை. மலிவான செருகிகள் வந்த பிறகு இப்போக்கு இன்னும் வலுத்தது. வானொலியில் விழுந்த பொட்டலம் இணையத்திற்குப் போகும். இணையத்திலிருந்து ஒரு சொல்லும் வானொலிக்குத் திரும்பி வராது. காட்டில் இருப்பவரின் புள்ளி வரைபடத்தில் தெரியும். ‘முன்னே பாலம் உடைந்திருக்கிறது, திரும்பி வா’ என்று அவருக்குச் சொல்ல வழி இருக்காது. காதுடைய வீடுகள் பெருகின. வாயுடைய வீடுகள் குறைந்தன. இருவழி ஐகேட் அமைக்க ஒலிபரப்பும் கருவி வேண்டும், உரிமம் வேண்டும், எதை வானொலிக்கு அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்னும் கணிப்பும் வேண்டும். உலகத்துச் செய்திகள் அனைத்தையும் திருப்பிக் கொட்டினால் அந்தச் சிறு அலைவரிசை ஒரு நிமிடமும் தாங்காது. எனவே, சற்று முன்னர் தன் காதால் நேரில் கேட்ட நிலையத்திற்கு உரிய செய்தியை மட்டுமே ஐகேட் அலையில் விடுகிறது. அந்த மனிதர் அருகில் இருக்கிறார் என்பதற்கு அவர் குரலே சான்று.

வண்டியில் செல்பவர், தாம் வாய்ப்பேச்சிற்கு எந்த அதிர்வெண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் பொட்டலத்தில் எழுத வேண்டும் என்று புருனிங்கா வற்புறுத்தினார். வரைபடத்தில் ஒருவரைக் காண முடிந்தும் அவரை அழைத்துப் பேச முடியாத நிலையை அவரால் ஏற்க இயலவில்லை.

இணையத்தையே நம்பியிருப்பதில் வேறோர் இடரும் உண்டு. புயலிலும் நிலநடுக்கத்திலும் முதலில் விழுபவை மின்கம்பங்கள்; அவற்றுடன் இணையமும் அறுபடும். அப்போது ஐகேட் வெறும் பெட்டி. ஆனால், மலைமேல் மின்கலத்தில் இயங்கும் டிஜிபீட்டர் பேசிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கும் வண்டிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும். இணையம் இல்லாதபோதும் நிற்க வேண்டிய ஒன்றை, இணையம் இருந்தால்தான் நிற்கும் என்று மாற்றிவிடக் கூடாது என்பதே பழைய ஹாம்களின் கவலை. அதே சமயம், தனித்துப் பயணம் செய்யும் ஒருவரைப் பற்றி அவருடைய ஊரார் அறிய இணையத்தை விட்டால் வேறு வழியில்லை என்பதும் உண்மை. இரு தரப்பாரும் இன்றுவரை தத்தம் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மறைமொழிக்கு இடமில்லை என்ற விதியின் விளைவு இங்கே வந்து நிற்கிறது. ஒருவர் தம் இருப்பிடத்தை அறிவிக்கிறார் என்றால் நண்பருக்கும் அறிவிக்கிறார், திருடனுக்கும் அறிவிக்கிறார். வீடு பூட்டியிருக்கிறது, வீட்டுக்காரர் இருநூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார் என்பதை வரைபடம் தயங்காமல் சொல்லும். நேற்றும் அதற்கு முன்னரும் அவர் சென்ற வழிகளும் அதில் கிடக்கும். இதற்கு இரண்டு எளிய ஏற்பாடுகள் உள்ளன. இருப்பிட எண்களின் கடைசி இலக்கங்களை வெற்றிடமாக விட்டு, ‘இந்தப் பகுதியில் எங்கோ இருக்கிறேன்’ என்று பொதுவாகச் சொல்லலாம். அல்லது, இணையத்திற்கு அனுப்பாதீர் என்னும் சொல்லைப் பொட்டலத்தின் வழித்தடத்திலேயே எழுதலாம். ஐகேட்கள் அதை மதித்து விட்டுவிடும். கதவைப் பூட்டாமல் ‘உள்ளே வராதீர்’ என்று எழுதி மாட்டியது போன்றதுதான் இது. ஆயினும் அந்தச் சொல் மதிக்கப்படுகிறது.

வானில் ஒரு வாயில்

குன்றின் மேல் வைத்த டிஜிபீட்டர் ஒரு மாவட்டத்திற்குப் பயன்படும் என்றால், நானூறு கிலோமீட்டர் உயரத்தில் வைத்தால்? புருனிங்கா இக்கேள்வியைத் தம் மாணவர்களிடம் ஒப்படைத்தார். கடற்படைக் கல்விக்கழக மாணவர்கள் அவர் வழிகாட்டலில் கட்டிய ‘பிசிசாட்’ என்னும் சிறு செயற்கைக்கோள், 2001 செப்டம்பர் இறுதியில் அலாஸ்காவின் கோடியாக் தீவிலிருந்து ஏவப்பட்டது. தச்சர்கள் பயன்படுத்தும் எஃகு அளவுநாடாவை நறுக்கி அதன் அலைவாங்கிகளைச் செய்திருந்தனர். சுருட்டி அடக்கலாம், விட்டவுடன் நிமிர்ந்து நிற்கும், கடையில் கிடைக்கும். வேறென்ன வேண்டும்? மின்கலங்கள் வலுவிழந்த பின்னரும், வெயில் நன்றாகப் படும் பொழுதுகளில் விழித்தெழுந்து பேசும் நிலையில் அது பல ஆண்டுகள் சுற்றிவந்தது.

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் ஹாம் கருவி உள்ளது. 145.825 மெகாஹெர்ட்ஸில் கீழிருந்து வரும் பொட்டலங்களைக் கேட்டு அது மீண்டும் பூமிக்கு அனுப்புகிறது. ஏறத்தாழ தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை உலகைச் சுற்றும் அந்நிலையம், ஓர் ஊரின் வானில் அதிகமாகப் பத்து நிமிடங்களே தென்படும். அந்தப் பத்து நிமிடங்களில், கைக்கருவி ஒன்றை மட்டும் வைத்திருக்கும் ஒருவர், அருகில் ஐகேட்டோ டிஜிபீட்டரோ இல்லாத இடத்திலிருந்தும் உலகிற்குத் தம் இருப்பிடத்தைச் சொல்ல இயலும். அவர் அனுப்பியது விண்ணில் எதிரொலித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எவரோ ஒருவருடைய வீட்டு ஐகேட்டில் விழ வேண்டும். அந்த வீட்டார் அதை இணையத்தில் சேர்க்க வேண்டும்.

சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர்க் கடல் கிடக்கிறது. வங்கக் கடலின் மேல் விண்வெளி நிலையம் வரும்போது இவ்விரு ஊர்களும் ஒரே சமயத்தில் அதன் பார்வைக்குள் அடங்கும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் ஹாம் பெண்மணி வானொலித் தொடர்புப் பயணம் ஒன்றிற்காகப் போர்ட் பிளேயரில் தங்கியிருந்தார். தொலைபேசிகள் செயலிழந்த அந்த நாள்களில், தீவுகளில் இருப்போரைப் பற்றிய செய்திகளைத் தம் வானொலியின் வழியே வெளியுலகிற்கு அவர் சேர்த்தார். அவர் கையாண்டது ஏபிஆர்எஸ் அன்று, வாய்ப்பேச்சு. எங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்ட குடும்பங்களுக்கு, அந்தக் குரல் ஒன்றே விடையாக இருந்தது.

புருனிங்கா 2022 பிப்ரவரி 7 அன்று காலமானார்.

அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பலூன் விடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஹாம் குழு ஒன்று வெள்ளி நிறச் சிறு பலூனைப் பறக்கவிட்டது. குழந்தைகளின் பிறந்தநாள் விழாவில் காணும் பலூனைப் போன்ற தோற்றமுடையவை இவை. கீழே சில கிராம் எடையுள்ள கருவியும் கதிரவன் ஒளியில் மின்சாரம் ஆக்கும் மெல்லிய தகடும் தொங்கும். காற்று எங்கே இழுத்துச் செல்கிறதோ அங்கே போகும். இத்தகைய பலூன்கள் கண்டம் மாறும்போது அந்தந்தக் கண்டத்தின் ஏபிஆர்எஸ் அதிர்வெண்ணுக்குத் தாமே மாறிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கும். வானில் பறக்கும் ஹாம் கருவிகளை நெடுங்காலம் அனுமதிக்காதிருந்த பிரிட்டனின் எல்லைக்குள் வாய்மூடிக்கொள்ளவும் அவற்றுக்குத் தெரியும். இரவில் ஒளி இல்லாததால் பேச்சு இல்லை. பெருங்கடலுக்கு மேல் ஐகேட் இல்லாததால், ஏபிஆர்எஸ் அலையில் பேசினாலும் கேட்பாரில்லை. நாள்கணக்கில் காணாமல் போய், ஏதோ ஓர் அயல்நாட்டுக் கடற்கரையில் யாரோ ஒருவரின் வீட்டு அலைவாங்கிக்கு எட்டும் தொலைவில் வந்தவுடன் புள்ளி மீண்டும் தோன்றும். அந்த வீட்டாருக்கு அந்தப் பலூன் யாருடையது என்பதே தெரிந்திருக்காது.

இல்லினாய்க் குழுவின் பலூன் உலகை ஆறு முறை சுற்றி முடித்து ஏழாம் சுற்றில் இருந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று, புறப்பட்ட 123ஆம் நாளில், அலாஸ்காவின் மேற்குக் கரையோரம் ஹேகமைஸ்டர் தீவின் அருகே அது தன் இருப்பிடத்தை அறிவித்தது. மறுநாள், கனடாவின் யூக்கான் பகுதிக்கு மேல் அடையாளம் தெரியாத சிறு பொருளொன்றை அமெரிக்கப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. காற்றின் போக்கைக் கணித்தவர்கள், பலூன் அன்று அப்பகுதியில் இருந்திருக்கக்கூடும் என்றனர். சுடப்பட்ட பொருளின் சிதைவுகளைத் தேடியவர்கள் பனியில் எதையும் கண்டெடுக்காமல் தேடலைக் கைவிட்டனர். இரண்டும் ஒன்றுதான் என்று குழுவினர் சொல்லவில்லை; தங்கள் பலூனைக் காணவில்லை என்று மட்டும் அறிவித்தனர். பிப்ரவரி 10க்குப் பிறகு அதன் அழைப்புக்குறி எந்த வீட்டிலும் கேட்கப்படவில்லை.